ஸ்கோப்புக்குள் வெறும் ரோமம்: டெக்சஸில் கயோட்டி வேட்டை பழகிய கதை

துப்பாக்கியின் மேல் பொருத்திய தொலைநோக்கி, அந்த ஸ்கோப்புக்குள் ரோமம் மட்டும்தான் தெரிந்தது. பழுப்பும் சாம்பலும் கலந்து, வட்டம் முழுக்க ரோமம். தோளா, வயிறா, பின்தொடையா, ஒன்றும் பிடிபடவில்லை. கண்ணை எடுத்துப் பார்த்தால் பதினைந்து கஜத்தில் கயோட்டி என்ற நரி மாதிரி மிருகம் ஒன்று நின்று என்னையே பார்க்கிறது. மறுபடி கண்ணை வைத்தேன். இப்போது ரோமமும் இல்லை, காய்ந்த புல்தான். மூன்றாவது தடவை நிமிர்ந்தபோது அந்தப் புல்வெளியில் நான் மட்டும்தான் இருந்தேன்.

அன்று நான் சுமந்து போயிருந்தது .308 வின்செஸ்டர் தோட்டா போடும் ரைபிள். கனத்த குழல், அதன் மேல் 6 முதல் 24 மடங்கு வரை பெரிதாக்கும் ஸ்கோப். எல்லாம் சேர்த்துப் பதின்மூன்று பவுண்டு. முந்தின நாள் ரேஞ்சில் தாளில் விழுந்த ஓட்டைகளை எண்ணுவதற்காக 24இல் திருகியவன், திருப்பி வைக்க மறந்துவிட்டேன். மறக்காமல் இருந்திருந்தாலும் தப்பித்திருப்பேன் என்று சொல்ல முடியாது. அந்த ஸ்கோப்பின் மிகக் குறைந்த அளவே ஆறு மடங்கு. பதினைந்து கஜத்தில் நிற்கும் மிருகத்துக்கு அதுவே கூடுதல்.

கடையில் அதை விற்றவர் நல்ல மனிதர்தான். "இதை வைத்து எதையும் அடிக்கலாம்" என்றார். எதையும் என்றால் எதை என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தெரியவில்லை என்பதுதான் சரி.

எனக்குச் சொந்த ஊர் முதுகுளத்தூர் பக்கம். இப்போது ஆஸ்டினில் மென்பொருள் வேலை. கூட வேலை பார்க்கும் நண்பரின் மாமனாருக்கு, வடமேற்கே இரண்டு மணி நேரப் பயணத்தில் கோல்த்வெயிட் பக்கம் செம்மறிப் பண்ணை இருக்கிறது. முதல் தடவை போனபோது வேட்டை எண்ணமெல்லாம் இல்லை. குடும்பத்தோடு ஆடு பார்க்கப் போனோம். வண்டியை விட்டு இறங்கியதும் எனக்கு ஊருக்கே வந்துவிட்ட மாதிரி இருந்தது. ஒரு பக்கம் சப்பாத்திக் கள்ளி, ஒரு பக்கம் கருவை மரம். இங்கே மெஸ்கீட் என்கிறார்கள். நம்மூர்ச் சீமைக் கருவேலத்துக்கு நெருங்கிய சொந்தம். உண்மையில் இரண்டு செடியும் அமெரிக்கக் கண்டத்துக்காரர்கள், நம் ஊருக்குத்தான் பிற்பாடு வந்து சேர்ந்தார்கள். "இதை வெட்டி மாளாமல் எங்கள் ஊரில் சண்டையே நடக்கிறது" என்றேன். பெரியவர் சிரித்துவிட்டு, "இங்கேயும் அதே சண்டைதான்" என்றார்.

அன்றைக்கு அவர் வேலியோரம் செத்துக் கிடந்த ஒரு குட்டியைக் காட்டினார். கழுத்துக்குக் கீழே, தொண்டையில் பல் பதிந்த துளைகள். மற்றபடி அதிகக் கிழிசல் இல்லை. கயோட்டி அடித்தால் பெரும்பாலும் இப்படித் தொண்டையைப் பிடித்துத்தான் அடிக்கும், ஊர் நாய்கள் அடித்தால் தொடை, விலா எல்லாம் தாறுமாறாகக் கிழிந்திருக்கும் என்று விளக்கினார். சின்ன வயதில் எங்கள் வயலில் கிடை போட்ட கீதாரி ஒருவர் செத்த ஆட்டைப் புரட்டி இதே மாதிரி பார்த்தது எனக்கு நினைவிருக்கிறது. அவர் பார்த்தது நரிக்காக. இவர் பார்ப்பது நரிக்கும் ஓநாய்க்கும் நடுவில் இருக்கும் இன்னொன்றுக்காக.

கயோட்டியைப் பற்றி ரெண்டு வார்த்தை. மெக்சிகோவின் நாவாட்டில் மொழியிலிருந்து வந்த பெயர். நகரத்துக்காரர்கள் 'கயோட்டி' என்பார்கள். பண்ணைக்காரர்கள் வாலை நறுக்கிவிட்டு 'கையோட்' என்பார்கள். நம் குள்ளநரியைவிட உயரம். டெக்சஸில் பெரும்பாலும் இருபத்தைந்து முதல் நாற்பது பவுண்டு வரை எடை. பார்க்கும்போது அதைவிடப் பெரிதாகத் தெரியும். பாதி வெறும் ரோமம் என்பது கிட்டே போனால்தான் விளங்கும். அந்த ரோமத்துக்குள் சரியாக அடிக்க வேண்டிய நெஞ்சுப் பகுதி டீ வைக்கும் சாஸர் அளவுதான். இந்த சாஸர் கணக்கு பின்னால் வரும்.

துப்பாக்கிக் கதைக்கு முன் காகிதக் கதை. நம்மவர்கள் பலர் இங்கே எச்1பி விசாவில் இருக்கிறார்கள், அதனால் சொல்கிறேன். விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கப் பொதுவாக அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் தடை உண்டு. விதிவிலக்குகளில் ஒன்று, இந்நாட்டில் முறையாகப் பெற்ற, காலாவதியாகாத வேட்டை உரிமம். அந்த ஓட்டையை நம்பி நண்பனின் துப்பாக்கியைக் கையில் வாங்குவதற்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்வது புத்திசாலித்தனம். நான் கிரீன் கார்டு வந்த பிறகுதான் கடைக்கே போனேன். கடையில் 4473 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும், பின்னணிச் சோதனை நடக்கும். டெக்சஸில் 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைக் கல்விப் படிப்பை முடிக்க வேண்டும். பதினேழு வயது ஆனவர்கள் இணையத்திலேயே முடித்துவிடலாம். கயோட்டிக்கு இங்கே பருவக் கட்டுப்பாடு கிடையாது, எண்ணிக்கைக் கட்டுப்பாடும் கிடையாது. ஆனாலும் வேட்டை உரிமம் வேண்டும், நிலத்துக்காரர் அனுமதி வேண்டும். ஆட்டைத் தாக்கிய கயோட்டி என்றால் நிலத்துக்காரருக்குச் சலுகை உண்டு. நான் அந்தச் சலுகைக்குள் ஒதுங்கவில்லை, உரிமம் எடுத்துவிட்டேன்.

வீட்டில் இன்னொரு அனுமதி தேவைப்பட்டது. "என்னங்க, அது வீட்டுக்குள்ள வர்றதா இருந்தா பெட்டி முதல்ல வரட்டும்" என்றார் என் மனைவி. அதனால் இரும்புப் பெட்டிதான் முதலில் வந்தது. டெக்சஸில் குண்டு நிரப்பிய துப்பாக்கியை அசட்டையாக வைத்து, அது பதினேழு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளையின் கைக்குப் போய்விட்டால் குற்றம் என்று பிறகு படிப்பில் தெரிந்துகொண்டேன். சட்டம் இல்லாவிட்டாலும் எங்கள் வீட்டில் அதுதான் சட்டம்.

சரி, எந்தத் துப்பாக்கி? .308ஐ இரண்டு மாதத்தில் விற்றேன், நூற்றைம்பது டாலர் நட்டம். அது கெட்ட துப்பாக்கி இல்லை. மானுக்கும் காட்டுப்பன்றிக்கும் அருமையானது. முப்பது பவுண்டு மிருகத்துக்கு அது தேவையில்லை, அவ்வளவுதான். அடித்த அதிர்ச்சியில் குழல் மேலே தூக்கும். தோட்டா எங்கே பட்டது என்று ஸ்கோப்பில் பார்க்க முடியாது. கூட இன்னொன்று வந்திருந்தால் அதற்குள் மறைந்துவிடும். சுமந்து நடக்கும்போது தோள்பட்டை தனியாக வலிக்கும்.

இப்போது வைத்திருப்பது .223 ரெமிங்டன், போல்ட் ஆக்‌ஷன். ஒவ்வொரு குண்டுக்கும் கையால் போல்ட்டை இழுத்துவிட வேண்டும். ரூகர் அமெரிக்கன், சாவேஜ் ஆக்சிஸ் போன்ற எளிய ரைபிள்கள் எதுவானாலும் ஆரம்பத்துக்குப் போதும். அதிகம் செலவழித்தால் டிக்கா. 55 கிரெய்ன் எடையுள்ள தோட்டா விநாடிக்குச் சுமார் 3,240 அடி வேகத்தில் கிளம்புகிறது. 200 கஜத்தில் சரியாகப் படும்படி ஸ்கோப்பைச் சரிசெய்து வைத்தால், 100 கஜத்தில் ஒன்றரை அங்குலம் மேலே படும், 300 கஜத்தில் ஏழெட்டு அங்குலம் கீழே இறங்கிவிடும். அதாவது 200 வரைக்கும் கணக்கே போட வேண்டாம், நெஞ்சைப் பார்த்து அழுத்தினால் போதும். இதைவிடப் பெரிய காரணம் விலை. தோட்டா மலிவு, எங்கும் கிடைக்கும். மலிவாக இருப்பதால் நிறையப் பழகினேன். பழகியதால் படுகிறது. இதில் வேறு மந்திரம் கிடையாது.

இங்கே பழைய ஆட்கள் சத்தியம் செய்வது .22-250 மேல். 1965இல் ரெமிங்டன் அதைக் கடைச்சரக்காக்கியது. அதே 55 கிரெய்ன் தோட்டாவை 3,680 அடி வேகத்தில் தள்ளும், அதனால் 300 கஜத்தில் இறக்கமும் கொஞ்சம் குறைவு. திறந்த சமவெளியில், காற்று அடிக்கிற மேற்கு டெக்சஸில் வேட்டையாடுபவர்களுக்கு அது நியாயமான தேர்வு. ஆனால் தோட்டா விலை கூடுதல், தொடர்ந்து சுட்டால் குழல் சீக்கிரம் தேயும். .243 வின்செஸ்டர் 1955இலிருந்து இருக்கிறது. ஒரே ரைபிளில் மானும் கயோட்டியும் என்பவர்கள் அதை எடுக்கலாம். என் தோளும் மாதச் சம்பளமும் .223 போதும் என்றுவிட்டன. .22 லாங் ரைபிளையும் .17 எச்.எம்.ஆரையும் கயோட்டிக்குச் சிலர் எடுத்துப்போகிறார்கள். முயலுக்கு நல்ல தோட்டாக்கள் அவை, இதற்கு வேண்டாம். காயம்பட்டு ஓடிப்போன மிருகத்தை ஒரு தடவை தேடிப்போனவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தானே அடுத்த குண்டை ஏற்றிக்கொள்ளும் ஏ.ஆர்.15 ரைபிள் வாங்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். இரண்டு மூன்று சேர்ந்து வரும்போது போல்ட்டை இழுக்காமல் அடுத்ததைச் சுடலாம், அது உண்மைதான். ஆனால் புதிதாகப் பழகுபவர் கையில் 'இன்னும் இருக்கிறதே' என்ற தைரியம் முதல் குண்டைக் கெடுத்துவிடும் என்பது என் எண்ணம். புதர் அடர்ந்த இடத்தில் உட்காரும்போது கூட வருபவர் கையில் 12 கேஜ் ஷாட்கன் இருந்தால் உதவும். நாற்பது கஜத்துக்குள் திடீரென்று ஓடிவரும் கயோட்டிக்கு ரைபிள் ஸ்கோப்பைத் தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

ஸ்கோப்பைப் பற்றி இவ்வளவுதான்: இப்போது இருப்பது 3-9 மடங்கு, முன்கண்ணாடி நாற்பது மில்லிமீட்டர். உட்கார்ந்தவுடன் மூன்றுக்குத் திருகிவிட்டு, தொட்டுப் பார்த்து உறுதிசெய்கிறேன். தூரத்தில் ஒன்று தெரிந்தால் கூட்டிக்கொள்ள நேரம் கிடைக்கும். பக்கத்தில் தெரிந்தால் குறைக்க நேரம் கிடைக்காது.

ஆனால் நான் சொல்ல வந்தது துப்பாக்கி இல்லை. புதுத் துப்பாக்கி வந்த பிறகும் பதினோரு தடவை வெறுங்கையோடுதான் திரும்பினேன்.

முறை இது. ஓரிடத்தில் மறைந்து உட்கார்ந்து, மாட்டிக்கொண்ட முயல் கத்துகிற சத்தத்தை எழுப்ப வேண்டும். கேட்டால் கைக்குழந்தை அழுவது மாதிரியே இருக்கும். முதல் நாள் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இரை கிடைத்துவிட்டது என்று நினைத்துக் கயோட்டி வரும். வாயால் ஊதும் குழலும் உண்டு, ரிமோட்டில் இயங்கும் ஒலிப்பெட்டியும் உண்டு. இந்தக் கலையில் டெக்சஸ்காரர்கள் முன்னோடிகள். மார்பிள் ஃபால்ஸ் ஊரின் பர்னம் சகோதரர்களும், நிஜ விலங்குகளின் கத்தலைப் பதிவுசெய்து விற்ற வேக்கோவின் ஜானி ஸ்டூவர்ட்டும் இங்கே இன்றும் பேசப்படுகிற பெயர்கள். நான் வாங்கியது ஒலிப்பெட்டி. அதில் நூறு சத்தங்கள் இருக்கின்றன, மூன்றைத்தான் பயன்படுத்துகிறேன்: முயல், எலிக் கீச்சு, ஒற்றைக் கயோட்டியின் ஊளை.

பதினோரு தடவையும் என்ன நடந்தது என்று பிறகுதான் புரிந்தது. கயோட்டிகள் வந்துகொண்டுதான் இருந்தன. நான் பார்த்துக்கொண்டிருந்த பக்கம் வரவில்லை. சத்தம் கேட்ட இடத்துக்கு நேராக ஓடிவரும் அளவுக்கு அது முட்டாள் இல்லை. வளைந்து சுற்றிப்போய், சத்தத்திலிருந்து காற்று எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் நின்று மோந்து பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்யும். நானோ வசதியான மரத்தைப் பார்த்து, காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் வாசனை எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் பெரியவர் கூட வந்தார். நான் உட்காரப் போன இடத்தைப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "காற்று எந்தப் பக்கம்?"

தெரியவில்லை. விரலை எச்சில்படுத்தித் தூக்கினேன், மெல்லிய காற்றுக்கு அது உதவவில்லை. வண்டியில் மனைவி வைத்திருந்த திருநீற்றுப் பொட்டலம் ஞாபகம் வந்தது. ஒரு சிட்டிகை எடுத்து விட்டேன். வெள்ளைப் புகை மாதிரி மெதுவாகத் தென்கிழக்கே நகர்ந்தது. பெரியவர் அது என்ன என்று கேட்டார். சொன்னேன். "சாமி கோபித்துக்கொள்ளாதா?" என்றார். அன்றிலிருந்து சின்ன டப்பாவில் முகப்பவுடர் வைத்திருக்கிறேன்.

இப்போது பக்கவாட்டுக் காற்றில் உட்காருகிறேன். காற்று இடமிருந்து வலமாக அடிக்கிறது என்றால், ஒலிப்பெட்டியை இடது முன்பக்கம் முப்பது நாற்பது கஜம் தள்ளி வைப்பேன். கயோட்டி மோப்பம் பிடிக்கச் சுற்றிவரும் பாதை அப்போது எனக்கு முன்னாலேயே விழும். அந்தப் பாதை திறந்த வெளியாக இருக்க வேண்டும், வெளிச்சம் என் முதுகுப்பக்கம் இருக்க வேண்டும். வண்டியைப் பள்ளத்தில் மறைத்து நிறுத்தி, கதவை அறைந்து சாத்தாமல் அமுக்கி மூடிவிட்டு, காற்றுக்கு எதிராக நடந்து போவேன். முதல் இரண்டு மூன்று நிமிடம் சத்தத்தைக் குறைவாக வைப்பேன், பக்கத்துப் புதரிலேயே ஒன்று படுத்திருக்கலாம். பிறகுதான் கூட்டுவேன். புதர்க்காடு என்றால் பதினைந்து இருபது நிமிடம், திறந்த வெளி என்றால் அரை மணி. வரவில்லையென்றால் ஒரு மைல் தள்ளி அடுத்த இடம்.

வாசனையை அழிக்கும் ஸ்பிரே என்று ஒன்று விற்கிறார்கள். வாங்கினேன். தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைக்காமல்கூட ஒரு மாதம் போனேன். நாய்க் குலத்தின் மூக்கோடு பாட்டில் போட்டி போட முடியாது. காற்றின் சரியான பக்கம் உட்கார்ந்தால் எண்ணெய் வைத்துக்கொண்டே போகலாம்.

உடைக்கும் அப்படித்தான். புள்ளி போட்ட வேட்டை உடுப்புக்கு முன்னூறு டாலர் கொடுக்க வேண்டியதில்லை. நாய் இனத்துக்குச் சிவப்பையும் பச்சையையும் சரியாகப் பிரித்தறிய வராது. அவற்றின் கண்ணில் முதலில் படுவது அசைவு. பழைய காக்கிச் சட்டை, முகத்துக்கும் கைக்கும் துணி, பின்னால் ஒரு மரம், மேலே அதன் நிழல், இவ்வளவு போதும். அசையாமல் இருப்பதற்குத்தான் செலவழிக்க வேண்டும். இருபது டாலர் மெத்தை ஒன்று இல்லாமல் சுண்ணாம்புக்கல் மேல் இருபது நிமிடம் யாரும் அசையாமல் உட்கார முடியாது. சப்பாத்தி முள்ளின் பொடி முள் இருக்கிறதே, ஊரில் பட்டதுதான், இங்கேயும் அதே அரிப்பு. முழங்கால் வரை பாம்புக்கடியைத் தாங்கும் உறையும் வாங்கிக்கொள்ளுங்கள். இந்தப் பக்கம் கிலுகிலுப்பைப் பாம்பு நிறைய. குளிர்காலத்திலும் வெயில் ஏறிய மதியத்தில் பாறை மேல் வந்து படுக்கும். காதுக்கு மின்னணு மஃப், அதாவது காதை மூடும் உறை. 140 டெசிபலைத் தாண்டிய ஒரே ஒரு வெடிச் சத்தம் செவியைக் கெடுக்கப் போதும், .223 அதைத் தாண்டியே இருக்கும். சைலன்சர் இங்கே சட்டப்படி வாங்கலாம். 200 டாலர் வரி 2026 ஜனவரியிலிருந்து இல்லை, ஆனால் கூட்டாட்சிப் பதிவு இன்னும் உண்டு. நான் இன்னும் வாங்கவில்லை.

துப்பாக்கியைத் தாங்க இரண்டு கால் குச்சியோ மூன்று கால் குச்சியோ கட்டாயம். இதைச் சொல்லும்போது கொஞ்சம் தலை குனிய வேண்டியிருக்கிறது.

ஜனவரி மாதம், விடியும் நேரம், பாரன்ஹீட் 28 டிகிரி. விரல் மரத்திருந்தது. கயோட்டி ஒன்று மேட்டில் நின்று பார்த்தது. தூரமானி 280 கஜம் காட்டியது. அது வரப் போவதில்லை என்று எனக்குப் பட்டது, மறுபடியும் வெறுங்கையோடு போக மனம் வரவில்லை. குச்சியை விரிக்காமல் முழங்காலிட்டுச் சுட்டேன். பட்டது, ஆனால் பின்னால் தள்ளிப் பட்டது. அது சுருண்டு எழுந்து ஓடியது. பாறையில் சொட்டுச் சொட்டாக ரத்தம், பிறகு புல்லில் ஒன்றுமில்லை, பிறகு மறுபடி பாறையில் ஒரு சொட்டு. இரண்டு மணி நேரம். ஜூனிப்பர் மரத்தடியில் படுத்திருந்தது, உயிரோடு. தலையைத் தூக்கிப் பார்த்தது. முடித்தேன். பெரியவரிடம் சொன்னேன், அவர் ஒன்றும் சொல்லவில்லை, காபி மட்டும் ஊற்றிக் கொடுத்தார். திட்டியிருக்கலாம்.

அதற்குப் பிறகுதான் சாஸர் கணக்கு. மேசையில் மணல்மூட்டை வைத்துச் சுடுவதை ஸ்கோப் சரிசெய்வதோடு நிறுத்திக்கொண்டேன். தரையில் மெத்தை போட்டு, குச்சியில் துப்பாக்கியைச் சாய்த்து, வேட்டையில் உட்காரும் அதே கோலத்தில் ஐந்து அங்குல வட்டத்தைச் சுடுகிறேன். பத்தில் ஒன்பது எந்தத் தூரம் வரை உள்ளே விழுகிறதோ அதுதான் என் எல்லை. எனக்கு அது 200 கஜம். துப்பாக்கியின் எல்லை வேறு, அதை நான் கணக்கில் எடுப்பதில்லை. 210இல் நின்றால் போகட்டும் என்று விட்டுவிடுகிறேன். ஓடிவருவதை நிறுத்த வாயால் 'வுஃப்' என்று குரைப்பார்கள், ஒரு நொடி நின்று பார்க்கும். முதல் தடவை பதற்றத்தில் எனக்கு வாயில் வந்தது "ஏய்!" அதற்கும் நின்றது.

ஒலியைவிட, காற்றைவிட என்னை இன்றும் தூக்கத்தில் உலுக்குவது ஒரு டிசம்பர் இரவு. டெக்சஸில் தனியார் நிலத்தில் கயோட்டியை இரவிலும் வேட்டையாடலாம். நண்பர் ஒருவர் தன் தெர்மல் ஸ்கோப்பை இரவல் தந்திருந்தார். உடம்புச் சூட்டை வெள்ளையாகக் காட்டும் கருவி, விலை பல ஆயிரம் டாலர். குட்டி போடும் ஆடுகள் பக்கத்து வேலிக்குள். நானும் பெரியவரும் பிக்கப்பின் பின்னால் உட்கார்ந்திருந்தோம். 180 கஜத்தில் வேலியோரம் ஒரு வெள்ளை உருவம், தலையைத் தாழ்த்திக்கொண்டு தொங்கோட்டமாக வருகிறது. கூர்மையான மூக்கு, தொங்கும் வால். சேஃப்டியை நீக்கிவிட்டேன்.

"பொறு" என்றார் பெரியவர். அவர் கையில் சின்ன தெர்மல் தொலைநோக்கி. மெல்ல ஒரு சீழ்க்கை அடித்தார். உருவம் நின்றது, தலையைத் தூக்கியது, வால் மெதுவாக எழுந்து முதுகுக்கு மேல் வளையமாகச் சுருண்டது. அது அவருடைய காவல் நாய். கிரேட் பிரனீஸ். பகலில் பனிமூட்டை மாதிரி வெள்ளை வெளேரென்று நூறு பவுண்டு நாய், யாரும் மாற்றிப் பார்க்க முடியாது. தெர்மலில் நிறமும் இல்லை, பருமனும் சரியாகத் தெரியாது. இருட்டில் ஆடு, நாய், கன்றுக்குட்டி எல்லாமே வெள்ளை.

என் கை நடுக்கம் நிற்க வெகு நேரம் ஆனது. அவர் சத்தம் போடவில்லை. "தேடுவதற்குத் துப்பாக்கியைப் பயன்படுத்தாதே" என்றார். யோசித்தால் அதுதான் முழுத் தவறு. ஸ்கோப்பில் தேடினால், எதைப் பார்க்கிறோமோ அதை நோக்கித்தான் குழலும் திரும்பியிருக்கும். அது நாயாக இருக்கலாம், பக்கத்துப் பண்ணைக்காரராகவும் இருக்கலாம். இப்போது கையில் தனித் தொலைநோக்கி இல்லாமல் இரவில் போவதில்லை. வாலும் காதும் நடையும் மூன்றும் ஒத்துவந்தால்தான் ரைபிள் தோளுக்கு வரும். பின்னால் மண்மேடு இல்லாமல் வானம் தெரிந்தால் பகலானாலும் சுடுவதில்லை.

இத்தனையும் எதற்கு, கயோட்டி குறைந்துவிடுமா என்று கேட்டால், குறையாது. 1975இலேயே கானலி, லாங்ஹர்ஸ்ட் என்ற இரு ஆய்வாளர்கள் கணக்குப் போட்டார்கள்: ஆண்டுதோறும் நான்கில் மூன்று பங்கைக் கொன்றாலும் இனம் அழிய ஐம்பது ஆண்டுக்கு மேல் ஆகும். எண்ணிக்கை குறைந்தால் மிச்சமிருப்பவை அதிகக் குட்டி போட்டு ஈடுகட்டிக்கொள்ளும். கூட்டாட்சி அரசின் ஆட்களே ஆண்டுக்குப் பல்லாயிரம் கயோட்டிகளைக் கொல்கிறார்கள். கயோட்டியோ இன்று லாஸ் ஏஞ்சல்ஸ் தெருவிலும் சிகாகோவின் நடுவிலும் வாழ்கிறது. பெரியவருக்கு இது தெரியும். அவருடைய ஆட்டைக் காப்பது நாய்களும் வேலியும்தான். என்னைக் கூப்பிடுவது குட்டி போடும் வாரங்களில் மட்டும், அதுவும் குட்டி செத்த வேலியோரத்துக்கு மட்டும். வடக்கு ஓடையில் ஒரு ஜோடி பல வருடமாகக் குடியிருக்கிறது, ஆட்டைத் தொட்டதில்லை. அவற்றைச் சுட எனக்கு அனுமதி இல்லை. அவை போனால் அந்த இடத்துக்கு எது வரும் என்று தெரியாது என்கிறார். அவர் அறிவைவிட நல்ல வேட்டைக் கருவியை நான் எந்தக் கடையிலும் பார்க்கவில்லை.

சுட்டதைக் கையுறை இல்லாமல் தொடக்கூடாது. 1980களின் கடைசியில் தெற்கு டெக்சஸில் கயோட்டிகளிடையே வெறிநோய் பரவி, 1995 முதல் விமானத்திலிருந்து தடுப்பு மருந்து வைத்த இரையைத் தூவினார்கள். நாய்வகை வெறிநோய் இந்நாட்டில் ஒழிந்துவிட்டதாக 2007இல் அறிவிப்பும் வந்தது. ஸ்கங்க் என்ற சிறு விலங்கு, வௌவால் வழியாக வருவது இன்னும் இருக்கிறது. சொறி, தெள்ளுப்பூச்சி தனி. வடக்கு மாநிலங்களில் தோலுக்கு விலை உண்டு. எங்கள் பக்கத்து வெயிலில் வளர்ந்த மெல்லிய ரோமத்தை யாரும் கேட்பதில்லை. அதில் எனக்கு ஒரு சங்கடம் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. சாப்பிடுவதும் இல்லை, பயன்படுத்துவதும் இல்லை. அதனால்தான் கூப்பிடாமல் போவதில்லை.

அம்மாவிடம் முதலில் சொல்லவில்லை. தங்கை போட்டுக்கொடுத்துவிட்டாள். "ஏப்பா, நரி முகத்துல முழிச்சா யோகம்பாங்க. நீ அதைப் போயி சுட்டுட்டு வர்றியாக்கும்?" என்று போனில் கேட்டார். இது நரி இல்லைம்மா என்றேன். "ஊளை விடுதுல்ல?" என்றார். விடுகிறது. "அப்ப நரிதான்" என்று வைத்துவிட்டார்.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை மாலை பெரியவரிடமிருந்து செய்தி வந்தது. மேற்கு வேலியோரம் இரண்டு குட்டிகள், நாளைக் காலை வர முடியுமா, காற்று வடக்கிலிருந்து. வட காற்று என்றால் கிழக்கு மேட்டுக் கருவை மரம்தான். மெத்தை, குச்சி, பவுடர் டப்பா, ஒலிப்பெட்டி எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிவிட்டு, ரைபிளை எடுக்க மறுபடி வீட்டுக்குள் போனேன்.